‘குகேஷ் அண்ணா எத்தனை மூவ் முன்னாடி பார்ப்பாரு?’

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால், வெளிவட்டச் சாலை குறுக்கே வந்து சேரும் இடம் நசரத்பேட்டை. மற்ற நாட்களில் இன்ஜினீயரிங் கல்லூரி பஸ்களும் லாரிகளும் முட்டிமோதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் கொஞ்சம் மூச்சுவிடும். அந்த நேரத்தில், ஸ்கூட்டரின் பின் சீட்டில் சுருட்டிய செஸ் போர்டைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்ப்பது இந்தப் பக்கத்தில் இப்போது சகஜம். பத்து வருடங்களுக்கு முன் அதே பையில் கிரிக்கெட் மட்டை நீட்டிக்கொண்டிருக்கும்.

அந்தப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி இருக்கிறது. அம்மா அப்பாக்களிடமும் அதே கேள்விதான். “குகேஷ் அண்ணா எத்தனை மூவ் முன்னாடி பார்ப்பாரு? பத்தா, இருபதா?”

அண்ணா என்று உரிமையோடு கேட்கக் காரணம் உண்டு. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்று மேற்குச் சென்னையில் ஒரு முக்கோணம் போட்டால், அதற்குள்ளும் ஓரத்திலுமாக உலக செஸ்ஸின் பாதி வரைபடம் வந்துவிடும். பிரக்ஞானந்தாவும் அவருடைய அக்கா வைஷாலியும் பாடியில் வளர்ந்தவர்கள். குகேஷ் படித்தது மேல் அயனம்பாக்கம் வேலம்மாள் பள்ளியில். நசரத்பேட்டையிலிருந்து வண்டியை எடுத்தால் டீ ஆறுவதற்குள் போய்விடலாம் என்று சொல்ல முடியாது, நடுவில் பூந்தமல்லி டிராஃபிக் இருக்கிறது. ஆனாலும் பக்கம்தான்.

கேள்விக்கு வருவோம். நேர்மையான பதில் கொஞ்சம் ஏமாற்றம் தரும். சில சமயம் இருபது. பல சமயம் இரண்டோ மூன்றோதான். சில சமயம் அந்த ஒன்றைக்கூடப் பார்க்கத் தவறுகிறார்கள். உலக சாம்பியன்களும் அதில் அடக்கம்.

20, 400, 8,902...

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். செஸ்ஸில் வெள்ளை ஒரு முறை, கறுப்பு ஒரு முறை நகர்த்தினால்தான் அது ஒரு மூவ். கம்ப்யூட்டரோ இரண்டையும் தனித்தனியாக எண்ணும். அதனால் ‘பத்து பார்த்தேன்’ என்று ஒருவர் சொன்னால், அது பத்து மூவா, பத்து அரை மூவா என்று கேட்க வேண்டும். டீக்கடையில் அடிபடும் பல பிரமாதக் கணக்குகள் இந்த இடத்திலேயே பாதியாகிவிடும்.

ஆட்டம் தொடங்கும்போது வெள்ளைக்கு 20 வழிகள் உண்டு. 16 சிப்பாய் நகர்த்தல், 4 குதிரைத் தாவல். கறுப்பும் அதேபோல 20 வழிகளில் பதில் சொல்லலாம். அப்போதே 400. வெள்ளை இன்னொரு முறை நகர்த்தினால் 8,902. கறுப்பும் நகர்த்திவிட்டால் 1,97,281. ஆளுக்கு இரண்டே முறைதான் காயைத் தொட்டிருக்கிறார்கள், அதற்குள் இரண்டு லட்சத்தை நெருங்கிவிட்டது. அமெரிக்கக் கணித மேதை கிளாட் ஷானன் 1950-ல் ஒரு கட்டுரையில் மொத்த ஆட்டத்துக்கும் இப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவருக்குக் கிடைத்தது 1-க்குப் பின்னால் 120 பூஜ்ஜியங்கள்.

எல்லாவற்றையும் பார்ப்பது மனித மூளையால் ஆகாத காரியம். 1997-ல் காஸ்பரோவைத் தோற்கடித்த ஐ.பி.எம்-மின் ‘டீப் ப்ளூ’ நொடிக்கு சுமார் 20 கோடி நிலைகளை அலசியது. காஸ்பரோவ் நொடிக்கு எத்தனை பார்த்திருப்பார்? தாராளமாகச் சொன்னாலும் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். அப்படியிருந்தும் ஆறு ஆட்டங்களின் முடிவு 3.5 - 2.5 தான். 20 கோடிக்கும் ஒரு கை விரல்களுக்கும் இடையிலான பள்ளத்தை ஏதோ ஒன்று நிரப்பியிருக்கிறது.

அது என்ன என்று புரிந்துகொள்ள, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லித்தரும் ஒரு பாடம் போதும்.

போர்டில் எல்லாக் காய்களும் போய்விட்டன. வெள்ளையிடம் a4 கட்டத்தில் ஒரு சிப்பாய் மட்டும் ராணியாக மாற ஓடுகிறது. வெள்ளை ராஜா எங்கோ தொலைவில். கறுப்பு ராஜா e4-ல் நிற்கிறது. ஆடவேண்டியது வெள்ளை. கறுப்பு ராஜா சிப்பாயைப் பிடிக்குமா?

புதிதாகக் கற்றவர் விரலை நீட்டி எண்ணுவார். சிப்பாய் a5, ராஜா d5, சிப்பாய் a6, ராஜா c6, a7, b7, சிப்பாய் ராணியாகும், ராஜா அதை வெட்டும். நான்கு மூவ், எட்டு நகர்த்தல். விவரம் தெரிந்தவர் எண்ணுவதே இல்லை. சிப்பாய் நிற்கும் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரையுள்ள நீளத்தை ஒரு பக்கமாக வைத்து, கண்ணாலேயே ஒரு சதுரம் போடுவார். ராஜா சதுரத்துக்குள் நின்றால் பிடிக்கும். ஒரு கட்டம் தள்ளி f4-ல் நின்றிருந்தால் பிடிக்காது. முடிந்தது.

இவர் எத்தனை மூவ் முன்னால் பார்த்தார்? நான்கு என்றும் சொல்லலாம், ஒன்றுமே பார்க்கவில்லை என்றும் சொல்லலாம். பல்லாங்குழியில் கைதேர்ந்த பாட்டி எந்தக் குழியை அள்ளினால் எங்கே போய் முடியும் என்று சோழியை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்க மாட்டார். கை தானாக அந்தக் குழிக்குப் போகும். அதே சங்கதிதான்.

பஸ் போர்டைப் படிப்பதுபோல

இதை முதலில் சோதித்துப் பார்த்தவர் அட்ரியான் டி க்ரூட் என்ற டச்சு உளவியலாளர். அவரே நல்ல செஸ் ஆட்டக்காரர். 1930-களின் இறுதியில், அலேகின், கெரஸ், யூவ் போன்ற அந்தக்கால ஜாம்பவான்களின் முன் ஒரு நிலையை வைத்து, ‘மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே யோசியுங்கள்’ என்று கேட்டுக்கொண்டு குறிப்பெடுத்தார். சாதாரண கிளப் ஆட்டக்காரர்களிடமும் அதையே செய்தார். கிராண்ட்மாஸ்டர் பத்து மூவ் பார்ப்பார், மற்றவர் மூன்றோடு நின்றுவிடுவார் என்பதுதான் எல்லோருடைய எதிர்பார்ப்பும். ஆனால், ஆழத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கிராண்ட்மாஸ்டர்கள் யோசிக்க எடுத்துக்கொண்ட மூவ்களே தரமானவையாக இருந்தன. உதவாத வழிகள் அவர்கள் கண்ணில் படவே இல்லை.

1973-ல் அமெரிக்காவில் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இருவர் அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். நிஜ ஆட்டத்தின் ஒரு நிலையை 5 நொடிகள் மட்டும் காட்டி மறைத்துவிட்டு, காய்களைத் திரும்ப அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர் பெரும்பாலான காய்களைச் சரியாக அடுக்கினார். புதியவர் நாலைந்தோடு திணறினார். பிறகு காய்களை இஷ்டத்துக்கு இறைத்துவிட்டு அதே சோதனை. மாஸ்டரின் ஜம்பம் அதில் ஏறக்குறைய கரைந்துபோனது.

நினைவாற்றல் அதிகம் என்பதல்ல விஷயம். தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டில் ‘நசரத்பேட்டை’ என்று இருந்தால், அதை யாரும் எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை. முழுச் சொல்லாகக் கண்ணில் விழுகிறது. தமிழ் தெரியாதவருக்கு அது வெறும் சுழிகள். அதே எழுத்துகளைக் கலைத்துப்போட்டால் நமக்கும் தடுமாறும். பல ஆயிரம் ஆட்டங்களைப் பார்த்த கண், போர்டை இப்படித்தான் சொல் சொல்லாகப் படிக்கிறது.

டி க்ரூட் சொன்னதே கடைசி வார்த்தை என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. சிக்கலான நிலைகளைக் கொடுத்துப் பார்த்தால் வலுவான ஆட்டக்காரர்கள் ஆழமாகவும்தான் போகிறார்கள் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். தேவைப்படும்போது தோண்டுகிறார்கள், தேவைப்படாத இடத்தில் மண்வெட்டியைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

தேவைப்படும் இடம் எது? எதிராளிக்கு வேறு வழியே இல்லாத இடம். செக் கொடுத்தால் அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ராணியை வெட்டினால் திரும்ப வெட்டித்தான் ஆக வேண்டும். அப்போது கிளைகள் குறைந்து பாதை ஒற்றையடியாகிவிடும். அதில் எவ்வளவு தூரமும் போகலாம். 1999 ஜனவரியில் நெதர்லாந்தின் விக் ஆன் ஸீ போட்டியில் காஸ்பரோவ், டோபலோவுக்கு எதிராக 24-வது மூவில் ஒரு யானையைத் தியாகம் செய்தார். அதை வெட்டிய டோபலோவின் ராஜா துரத்தப்பட்டு, போர்டின் மறுகோடிவரை, வெள்ளையின் கடைசி வரிசைக்கே போய் நின்றது. 44-வது மூவில் ஆட்டம் முடிந்தது. செஸ் வரலாற்றின் மிக அழகான ஆட்டங்களில் ஒன்று. ஆனால், டோபலோவ் அந்த யானையை வெட்டாமல் ராஜாவை ஒதுக்கியிருந்தால் அந்த நாடகமே அரங்கேறியிருக்காது. ஆழமான கணக்குக்கும் எதிராளியின் ஒத்துழைப்பு கொஞ்சம் வேண்டியிருக்கிறது.

மாக்னஸ் கார்ல்சனிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். சில சமயம் 15, 20 மூவ் வரை பார்ப்பதுண்டு. ஆனால், அந்தக் கணக்கின் முடிவில் வரும் நிலை நல்லதா, கெட்டதா என்று எடைபோடுவதில்தான் சூட்சுமம் என்பது அவர் பதிலின் சாரம். இருபது மூவ் தள்ளிப் போய்ப் பார்த்து, ‘ஆஹா’ என்று நினைத்த இடம் உண்மையில் தோற்கும் இடமாக இருந்தால் என்ன பயன்?

ஹயாத் ஹோட்டலின் கண்ணாடி அறை

சென்னைக்காரர்கள் மறக்க முடியாத நாள், 2013 நவம்பர் 21. தேனாம்பேட்டை ஹயாத் ரீஜென்சியில் உலக சாம்பியன்ஷிப்பின் ஒன்பதாவது ஆட்டம். சொந்த ஊரில், பட்டத்தைக் காக்க ஆடும் விஸ்வநாதன் ஆனந்த் 3 - 5 என்று பின்தங்கியிருந்தார். அன்றைக்கு வெள்ளைக் காய். ஜெயித்தே ஆக வேண்டும்.

ஆனந்த் துணிந்து இறங்கினார். கார்ல்சனின் ராஜாவை நோக்கிக் காய்கள் திரண்டன. இன்னொரு பக்கம் கார்ல்சனின் சிப்பாய் ஒன்று ராணியாக மாறக் கீழே ஓடிவந்துகொண்டிருந்தது. யார் முந்துவது என்ற பந்தயம். 23-வது மூவுக்கு முன் ஆனந்த் 40 நிமிடங்களுக்கும் மேல் யோசித்தார். உள்ளுணர்விலேயே மின்னலாக ஆடிப் பேரெடுத்தவர் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தது, எத்தனை கிளைகளை அவர் அலசிக்கொண்டிருந்தார் என்பதைச் சொன்னது.

27-வது மூவில் கார்ல்சனின் சிப்பாய் ராணியானது. செக். ஆனந்த் அதை மறைக்க வேண்டும். இரண்டு வழிகள்: f1 கட்டத்துக்கு பிஷப்பைக் கொண்டுவரலாம், அல்லது குதிரையை. பிஷப் வந்திருந்தால் ஆட்டம் நீண்டிருக்கும். புதிதாகப் பிறந்த ராணியை கார்ல்சன் திருப்பிக் கொடுத்துத்தான் உயிர் பிழைத்திருக்க முடியும். ஆனந்தின் கை குதிரையை எடுத்தது.

கார்ல்சன் ராணியை e1-க்கு நகர்த்தினார். அவ்வளவுதான். ஆனந்தின் திட்டம் முழுக்க, யானையை h4-க்குக் கொண்டுபோய் மேட் அடிப்பதில் இருந்தது. e1-ல் நிற்கும் ராணியிலிருந்து h4-க்கு நேராக மூலைக்கோடு திறந்திருந்தது. யானை அங்கே வந்தால் வெட்டப்படும். ஆனந்த் கை கொடுத்துத் தோல்வியை ஒப்புக்கொண்டார். மறுநாள் 6.5 - 3.5 என்று பட்டம் கைமாறியது.

40 நிமிடம் பல மூவ் ஆழத்துக்குப் போய்வந்த மூளை, எதிரே இருந்த ஒரே ஒரு மூவைத் தவறவிட்டது. இதைச் சொல்வது ஆனந்தைக் குறைசொல்ல அல்ல. ஐந்து முறை உலகப் பட்டத்தை வென்றவருக்கே நடக்கும் என்றால், ‘அந்த யானையை எப்படிடா பார்க்காம விட்ட?’ என்று ஹாலுக்கு வெளியே எட்டு வயதுப் பிள்ளையை உலுக்கும் அப்பாக்கள் ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

அந்த 2013 போட்டியின்போது, கண்ணாடி அறைக்கு வெளியே இருந்து வேடிக்கை பார்த்த பிள்ளைகளில் ஏழு வயது குகேஷும் ஒருவர். உள்ளே உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அப்போது நினைத்ததாக அவரே பின்னால் சொன்னார்.

என்ஜின் இல்லாத வருடங்கள்

இன்று செஸ் படிக்கும் எந்த வீட்டிலும் போனில் ஒரு செஸ் என்ஜின் இருக்கும். காயை நகர்த்தியதும் யார் முன்னிலை, எது சிறந்த மூவ் என்று அது நொடியில் சொல்லிவிடும். உலக சாம்பியனைவிடப் பலமானது, விலையோ இலவசம். பயிற்சியாளருக்கு மாதக் கட்டணம் கட்டும் குடும்பத்துக்கு அது வரமாகத்தான் தெரியும்.

குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா இதற்கு நேர் எதிராகப் போனார். ரேட்டிங் 2500-ஐத் தொடும்வரை என்ஜின் பக்கமே போகக் கூடாது என்பது ஏற்பாடு. எல்லோரும் கம்ப்யூட்டரைக் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் அந்தப் பையன் தன் தலையைக் கேட்டுக்கொண்டிருந்தான். 2019 ஜனவரியில், 12 வயது 7 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர் ஆனான். இந்தப் பரிசோதனை தோற்றிருந்தால் ‘பிள்ளையின் எதிர்காலத்தை வீணடித்தார்கள்’ என்றுதான் பேச்சு வந்திருக்கும். மருத்துவரான அப்பா தன் தொழிலை ஒதுக்கிவைத்து மகனோடு நாடு நாடாக அலைந்துகொண்டிருந்த காலம் அது. சூதாட்டம்தான், கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

பிரக்ஞானந்தா, வைஷாலி இருவரையும் உருவாக்கிய ஆர்.பி.ரமேஷ், கணக்கிடும் திறனுக்கென்றே ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் எழுதியவர். கடினமான நிலையைக் கொடுத்து, காயைத் தொடாமல் முழுவதையும் மனதிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு வரச் சொல்வது அவர் பள்ளியின் பாணி. பார்வைக்குச் சும்மா சுவரை வெறிப்பதுபோல இருக்கும். வீட்டில் அப்படி உட்கார்ந்தால் ‘படிக்கிறியா, தூங்குறியா?’ என்று கேட்கப்படும்.

பழைய ரஷ்யப் பயிற்சியில் இன்னொரு பழக்கம் இருந்தது. மூவை முடிவுசெய்ததும் முதலில் தாளில் எழுதிவிட வேண்டும். பிறகு, ஒன்றும் தெரியாத புதியவனின் கண்ணோடு போர்டை ஒருமுறை பார்க்க வேண்டும். ஏதாவது காய் சும்மா போகிறதா, அடுத்த மூவில் செக் வருமா? அதன்பிறகே கை நகர வேண்டும். இப்போது அதற்கு வழியில்லை. மூவை ஆடுவதற்கு முன்பே எழுதுவது ஃபிடே விதிப்படி தவறு. ஆனாலும் அந்தக் கடைசிப் பார்வையை எந்த விதியும் தடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு இருபது மூவ் பார்க்கச் சொல்லித்தருவதைவிட இந்த ஒன்றைப் பழக்குவது கடினம் என்பது சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

2022-ல் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்தார். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவுடன் ஆடியபோதும் வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பல மணி நேரத்துக்குப் பிறகு, நேர நெருக்கடியில், ஆட்டம் தலைகீழானது. அந்த மோதல் 2 - 2 என முடிந்தது. உஸ்பெகிஸ்தான் தங்கம் வென்றது. இந்தியாவின் இரண்டாவது அணிக்கு வெண்கலம். போர்டின் முன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த 16 வயதுப் பையனின் படத்தை அன்று பார்க்காதவர்கள் குறைவு.

சிங்கப்பூர், 55-வது மூவ்

2024 டிசம்பர் 12. உலக சாம்பியன்ஷிப்பின் பதினான்காவது, கடைசி ஆட்டம். சீனாவின் டிங் லிரன் 6.5, குகேஷ் 6.5. டிரா ஆனால் மறுநாள் ரேபிட் டை-பிரேக்கர். போர்டில் ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷிடம் ஒரே ஒரு சிப்பாய் கூடுதல். வர்ணனையாளர்கள் எல்லோருக்கும் அது டிராவாகத்தான் தெரிந்தது. குகேஷ் மட்டும் விடாமல் நகர்த்திக்கொண்டிருந்தார்.

55-வது மூவில் டிங், யானையை f2-வில் வைத்தார். ‘யானைக்கு யானை வெட்டிக்கொள்வோம், டிராவாகட்டும்’ என்ற நினைப்பு. யானைகள் போனால் தோற்கும் பக்கத்துக்கு நிம்மதி என்பது பல சமயம் உண்மை. ஆனால், டிங்கின் பிஷப் அப்போது a8-ல், மூலையில் நின்றது. மூலையில் நிற்கும் பிஷப்புக்கு ஒரே ஒரு மூலைக்கோடுதான் பாதை. அந்தப் பாதையில் எதிரி பிஷப் வந்து நின்றால் தப்ப வழியில்லை, வெட்டிக்கொண்டுதான் ஆக வேண்டும்.

குகேஷ் அதை உடனே பார்க்கவில்லை. தன் யானையைப் பத்திரமாக b3-க்குக் கொண்டுபோகத்தான் முதலில் இருந்ததாக அவரே சொன்னார். போயிருந்தால் இந்தக் கதை இல்லை. கை நகரவில்லை. மறுபடி பார்த்தார். யானை வெட்டுகிறது, ராஜா வெட்டுகிறது, பிஷப் d5, பிஷப் வெட்டுகிறது, ராஜா வெட்டுகிறது, ராஜா e3, ராஜா e5. மிஞ்சுவது ராஜாக்களும் சிப்பாய்களும். அந்தக் கூடுதல் சிப்பாய் ஜெயித்துவிடும். கறுப்புக்கு மொத்தமே நான்கு மூவ். பூந்தமல்லிப் பக்கத்துப் பயிற்சி வகுப்பில், ‘கறுப்பு ஆடி ஜெயிக்க வேண்டும்’ என்று தலைப்பிட்டு வைத்தால் பத்து வயதுப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். தலைப்பு யாரும் தராதபோது கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் அங்கே இருந்த சிரமம்.

கேமராவில் அந்த முகம் மாறியதை உலகமே பார்த்தது. தண்ணீர் குடித்தார், கண்ணை மூடினார், மூச்சை இழுத்துவிட்டார். பிறகு யானையை வெட்டினார். எதிரே டிங் மேஜையில் தலைகவிழ்ந்தார்.

58-வது மூவோடு டிங் கை நீட்டினார். 18 வயதில் உலக சாம்பியன். டிங் எழுந்துபோன பிறகும் குகேஷ் நாற்காலியை விட்டு எழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே, கலைந்துகிடந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து, முதல் வரிசையிலிருந்து அடுக்கிக்கொண்டிருந்தார்.